குடியை விட்டவனின் சாயங்காலம்

நான் குடியை நிறுத்திவிட்டேன் என்று தெரிந்ததும் ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி நிறுத்துனீங்க?" ஏதாவது மாத்திரையா, ஏதாவது சாமியாரா, எங்கேயாவது அடிபட்டுப் புத்தி வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. "சரி, இப்ப சாயங்காலம் என்ன பண்றீங்க?" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிக் கேட்டவர்கள் எல்லோருமே ஒன்று தாங்களும் குடியை விட்டவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய மனைவிமார்.

எனக்கு வேலை துவாக்குடியில், ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில். ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடியும். வீடு திருச்சி டவுனில், சிந்தாமணிப் பக்கம். குடித்த காலத்தில் ஐந்தரை மணிக்கும் இரவு பத்துக்கும் நடுவில் எனக்கு ஓய்வே இருந்ததில்லை. காசு புரட்ட வேண்டும். கூட்டாளிக்குப் போன் போட வேண்டும். பாரா, வாய்க்கால் கரையா, எவன் ரூமிலாவதா என்று முடிவு பண்ண வேண்டும். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், சைடு டிஷ். அப்புறம் குடித்துவிட்டுப் பேசும் பேச்சு, சண்டை, சமாதானம். வீட்டுக்குப் போவதற்கு முன் பாக்கு, ஏலக்காய், வாய் கொப்பளிப்பு. உண்மையில் ஒரு குவாட்டர் உள்ளே போக ஆகும் நேரம் கொஞ்சம்தான். அதைச் சுற்றி இருக்கிற வேலைதான் ஒரு மனுஷனின் சாயங்காலத்தை முழுசாக எடுத்துக்கொள்கிறது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். என் நாளும் அந்தக் கடையின் நேரப்படிதான் ஓடிக்கொண்டிருந்தது.

குடியை எடுத்துவிட்டால் அவ்வளவு நேரமும் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. "மனசு வச்சா முடியும்" என்பார்கள். மனசு காலையில் பத்து மணிக்கு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு எங்கே இருக்கிறோம், வயிறு எப்படி இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

பழக்கவழக்கம் பேசுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று வீட்டில் படுத்துக்கொள்வது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆவதற்குள்ளேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் தொடங்கிவிடலாம். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 நாளிலிருந்து 4 நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும், செத்துப்போன அப்பா கூப்பிடுவது கேட்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் உண்டு. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, நாளாக நாளாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்து இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் இந்த வைட்டமினை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை. அது ரொம்பக் குறைந்தால் மூளையே பாதிக்கப்படும். நடை தள்ளாடும், ஞாபகம் போகும். பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, அதெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. முதலில் வந்து நின்றது பசி.

ஒரு குவாட்டர் என்றால் 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக் கணக்கில் சுமார் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் போட்டால் 400 கலோரிக்கு மேல் வருகிறது. சத்து ஒன்றும் கிடையாது, வெறும் எரிபொருள். தினமும் ஹாஃப் அடித்தவனுக்கு 800-க்கு மேல் அப்படியே நின்றுபோகிறது. உடம்பு அதை எங்கேயாவது தேடாதா? எனக்கு இனிப்பாகத் தேடியது. வாழ்க்கையில் அல்வாக் கடை வாசலில் நிற்காதவன் ஜாங்கிரிக்கு வரிசையில் நின்றேன். இதைப் பார்த்துவிட்டு ஒரு உறவினர் "குடியை விட்டுட்டு சுகரை வாங்கிக்காத" என்று உபதேசம் பண்ணினார். அக்கறைதான். ஆனால் நிறுத்திய முதல் மாதங்களில் டயட் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன், ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தாலொழிய. அந்தச் சமயத்துக்கு இரண்டு ஜாங்கிரி ஒரு கட்டிங்கை விட எவ்வளவோ மேல். எடை, கொழுப்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மீண்டு வருபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் எது ஏறினாலும் குடி ஞாபகம் வரும் என்பார்கள். என் அனுபவத்தில் முதலிடம் பசிக்குத்தான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவனுக்கு ஐந்தரைக்குப் பசி எடுக்கும். ஆனால் அந்தப் பசியைப் பசி என்றே நமக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த நேரத்து வயிற்றுக்கு வேறு பதில் கொடுத்துப் பழக்கிவிட்டோம். அதனால் பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஏதாவது தின்றுவிடுவேன். வேர்க்கடலை, இரண்டு பூவன் பழம், சில நாள் காலையில் கட்டிவந்த இட்லியில் மிச்சம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எனக்கு இதைவிட உதவிய பழக்கம் வேறு இல்லை. வயிறு நிறைந்தவன் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பச்சை போர்டைப் பார்ப்பதற்கும் காலி வயிற்றுக்காரன் பார்ப்பதற்கும் ரொம்ப வித்தியாசம்.

சைடு டிஷ் இன்னொரு தொல்லை. மிளகு தூக்கலாகப் போட்ட ஆம்லெட் வாசனை வந்தால் இன்றைக்கும் தொண்டை என்னமோ பண்ணும். ஊறுகாய்ப் பாக்கெட்டைக் கிழிக்கும் சத்தம்கூட அப்படித்தான். சிலர் சோடாவை அதே கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். ஆல்கஹால் இல்லாத பீர் என்று இப்போது ஒன்று கிடைக்கிறது, அதையும் வாங்குகிறார்கள். அவரவர் இஷ்டம். எனக்கு அது நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்கிற வேலையாகத்தான் படுகிறது. நான் டீத்தூள் போடாத இஞ்சி டீக்கு மாறிவிட்டேன்.

தூக்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குடித்தால் படுத்ததும் தூங்கிவிடுவோம், அதனால் குடி தூக்கம் தருகிறது என்ற எண்ணம். கனவு வரும் தூக்கத்தை ஆல்கஹால் அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அது திருப்பி அடிக்கும். நடுராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும், விடியும் வரை புரள வேண்டியதுதான். தூங்கினால் குடிப்பது போலவே கனவு. எழுந்ததும் வாயில் ருசிகூட இருப்பது போலத் தோன்றி, உண்மையிலேயே குடித்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது நிறையப் பேருக்கு வருவதுதான். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இந்தத் தூக்கமின்மைக்குப் பயந்தே திரும்பக் குடித்தவர்களை எனக்குத் தெரியும். மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்குவது இன்னும் மோசம், ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிற கதை. எப்போது தூங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவது, நாலு மணிக்கு மேல் டீ இல்லை, ஞாயிற்றுக்கிழமை பகலில் படுக்கையில் விழாமல் இருப்பது, இவ்வளவுதான் நான் செய்தது. மெதுவாகத்தான் சரியானது.

இனி மாலை போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் குடிப்பவர்களைப் பற்றி யார் எழுதினாலும் இதைத் தொடாமல் போக முடியாது.

கார்த்திகை பிறந்தால் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் கறுப்பு வேட்டி கட்டிவிடுவார்கள். அதில் மொடாக் குடிகாரர்கள் என்று பெயரெடுத்தவர்களும் உண்டு. ஒரு மண்டலம், 41 நாளோ 48 நாளோ, சொட்டுக்கூடத் தொடமாட்டார்கள். "நினைச்சா நிறுத்திடுவான், நினைக்க மாட்டேங்கிறான்" என்று வீட்டில் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்பதும் அதே ஆள்தான். எல்லோரும் சிரிப்பார்கள். பக்தியே பொய் என்பார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஒரு மண்டலத்தில் அவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீர்க் குளியல். நேரத்துக்குச் சாப்பாடு, அதுவும் சைவம். சாயங்காலம் மறுபடி குளித்துவிட்டு கோயிலிலோ யார் வீட்டிலோ பஜனை, சரணம். ஆறு மணிக்கு எங்கே போவது என்ற கேள்வியே அவருக்கு இல்லை. வராவிட்டால் குருசாமி போன் போடுவார். பழைய கூட்டாளியே "சாமி, தள்ளி நில்லுங்க, நாங்க குடிக்கிறோம்" என்று மரியாதையாக ஒதுங்குவான். பெண்டாட்டி, பிள்ளை, டீக்கடைக்காரர் எல்லோரும் சாமி என்று கூப்பிடுகிறார்கள். நேற்று வரை "டேய்" என்று கூப்பிடப்பட்டவனுக்கு அது சாதாரண விஷயமா? குடிக்கலாமா வேண்டாமா என்று அவர் தினமும் முடிவெடுப்பதில்லை. மாலை போட்ட அன்றே முடிவெடுத்தாயிற்று.

மாலையைக் கழற்றும்போது குளியல், பஜனை, பந்தி, பெயர், குருசாமியின் போன் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. பழைய சாயங்காலம் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. அந்த ஆளிடம் மனசு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு மண்டலம் முழுக்க மனசு இருந்ததே.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வு. நடுவாக வந்தது 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்வது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். நம் கதை அதைவிடப் பெரியது. இருபது வருஷக் குடிக்கு ஒரு மண்டலம் போதும் என்று யார் சொன்னது?

மாலை கழற்றிய பிறகும் அதிகாலைக் குளியலையும் வெள்ளிக்கிழமை பஜனையையும் விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் எங்கள் பட்டறையில் இருக்கிறார். வெல்டர். அவர் திரும்பிப் போகவே இல்லை. பக்தி கூடுதல் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவர் பஜனையில் ஜால்ரா அவரிடம்தான் இருக்கும். அவர் போகாவிட்டால் ஜால்ரா இல்லை.

இது எனக்குப் புரிந்தது ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டத்துக்கு, போக ஆரம்பித்த பிறகுதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய கதையே ஒரு சாயங்காலச் சங்கடம். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சன் வேலை கெட்டுப்போய் ஓட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், அருகே உள்ளூர்ச் சர்ச்சுகளின் பட்டியல். பாதிரியார் ஒருவருக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிச் சுற்றி வளைத்து மறுநாள் சந்தித்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். நான் போகும் கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கிறது. முதலில் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்புறம் ஒரு பெரியவர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "நாளையிலருந்து நீங்க வந்து திறந்து நாற்காலி போடுங்க தம்பி, எனக்கு மூட்டு வலி" என்றார். மூட்டு வலி பொய் என்று பிறகு தெரிந்தது. சாவி என்னிடம் இருந்தால் நான் போகாமல் இருக்க முடியாது.

கூட்டம் இல்லாத நாட்களில் நடப்பேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழக்கமான சந்து வழியாகப் போகாமல், காவிரிப் பாலத்தில் ஏறி மாம்பழச்சாலை வரை போய்த் திரும்புவேன். உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்தச் சந்தில் பழைய பார் இருக்கிறது, பாலத்தில் இல்லை. குடி ஆசை வந்தால் அது ஏறிக்கொண்டே போய் நம்மை விழுங்கிவிடும் என்று தோன்றும். பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், அதோடு சண்டை போடாமல் அலை மேல் மிதப்பது போல அது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பாலத்தில் போய்த் திரும்புவதற்குள் என் அரை மணி முடிந்துவிடுகிறது.

உடற்பயிற்சி விஷயத்தில் ஒன்று. நிறுத்திய சூட்டோடு ஜிம்மில் சேர்ந்து, காலை மாலை இரண்டு வேளையும் வெயிட் தூக்கி, மாரத்தானுக்குப் பேர் கொடுக்கும் தம்பிகளைப் பார்க்கிறேன். வேகம் புரிகிறது. எதையும் அளவோடு செய்யத் தெரியாததுதானே நம் வியாதி. ஆனால் ரொம்ப நாள் குடித்தவர்களுக்குப் பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போவதும் இருக்கும். நரம்பு பாதிப்பு அது. டாக்டரிடம் காட்டாமல் ஓடக் கூடாது.

காசு பற்றிச் சுருக்கமாக. முன்பெல்லாம் பையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பு என்பார்கள். இப்போது போனே காசாகிவிட்டது. சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டும் யுபிஐயும் என் மனைவியிடம். என் போனில் இருப்பது சில நூறு ரூபாய் மட்டும் கிடக்கும் இன்னொரு கணக்கு. ஆம்பளைக்கு இது கௌரவமா என்று கேட்டவர்கள் உண்டு. ரோட்டில் கிடந்த நாட்களில் கௌரவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விசேஷங்கள்தான் இன்னும் கஷ்டம். காதுகுத்து, கிடா வெட்டு, துக்க வீடு எதுவானாலும் பின்னால் ஒரு கூட்டம் கூடிவிடும். "ஒரு கட்டிங் தானே பங்காளி, உயிரா போயிடும்?" கொள்கை பேசினால் விடமாட்டார்கள். "மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றால் விட்டுவிடுவார்கள். நான் நேராகப் பந்தி பரிமாறப் போய்விடுவேன். கையில் சாம்பார் வாளி இருக்கிறவனை யாரும் பின்பக்கம் கூப்பிடுவதில்லை. பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவேன்.

அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைசல்பிராம் என்று ஒன்று இருக்கிறது. 1940-களில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படும் என்று கண்டுபிடித்தது. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் அது தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது எல்லாம் வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கலாம். அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு, அதையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடுபவருக்கு நல்ல துணை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி எதையாவது கலந்து கொடுப்பது கொலைக்குச் சமம். தவிக்கும் மனைவிகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த நோட்டீஸ் ஒட்டுகிறவன் மேல்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இத்தனை வருஷத்தில் பழக்கம் ஒன்று உண்டாகிவிட்டது. என் மனைவிக்கு ஏழு மணியானால் காது வாசலில் இருக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே நான் எந்த நிலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். நான் நிறுத்தியதும் அவளுடைய காது நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து பேசுவது போல மோந்து பார்ப்பாள். முதலில் எரிச்சலாக வந்தது. "இன்னும் நம்பலையா?" என்று கேட்டதற்கு, "நம்புறேங்க. மூக்கு நம்ப மாட்டேங்குது" என்றாள். சத்தியத்துக்கெல்லாம் அவளிடம் மதிப்பில்லை, எத்தனையோ சத்தியம் கேட்டவள். வேலை செய்தது ஒன்றே ஒன்று. சொன்ன நேரத்துக்கு வருவது, பஸ் தாமதமானால் போன் பண்ணிச் சொல்வது. மோப்பம் பிடிப்பது எப்போது நின்றது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இவ்வளவுக்கும் மேல் சறுக்குவது உண்டு. நிறையப் பேருக்கு நடக்கிறது. ஒரு நாள் குடித்துவிட்டவன் "போனது போச்சு" என்று அடுத்த பத்து நாளும் குடிப்பதுதான் பெரிய அழிவு. அந்த முதல் நாளைவிட அந்த நினைப்பைப் பற்றித்தான் மார்லட் அதிகம் எழுதினார். அன்று ராத்திரியே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை இட்லியைச் சாப்பிட்டு வேலைக்குப் போக வேண்டும், சாயங்காலம் கூட்டத்துக்குப் போய் நாற்காலி போட வேண்டும். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டால் மட்டும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவமனைக்குத்தான். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்று போதை மீட்புக்கான இலவச எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, அது 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.